கடலடி அரிப்பும் கடல் அமைப்புகளின் அடித்தள வலிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் கப்பல் பட்டறைகளிலும், ஜூரோங் தீவின் ஜெட்டிகளிலும், கடலாய்வுப் படகுகளிலும் தமிழ் பேசும் பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள், தொழில்நுட்பர்கள் பலர் பணியாற்றுகிறார்கள். அவர்களிடமிருந்தும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களிடமிருந்தும் கடலடி அரிப்பைப் பற்றித் தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இதில் வரும் கணக்குகள் எளிமைப்படுத்தப்பட்டவை. கருத்தைப் புரிந்துகொள்ள அவை போதும், வடிவமைப்புக்குப் போதா.

கடலடி அரிப்பும் கரை அரிப்பும் ஒன்றா?

ஒன்றல்ல. கரை அரிப்பில் நிலத்தின் எல்லை பின்வாங்குகிறது. இங்கே நாம் பேசுவது, கடலில் நிற்கும் ஓர் அமைப்பைச் சுற்றியும் அதன் அடியிலும் உள்ள மண்ணை நீரோட்டமும் அலையும் வாரிக்கொண்டு போவதைப் பற்றி. தளத்தில் இதை 'ஸ்கவர்' என்றே சொல்கிறார்கள்.

இது மூன்று அளவுகளில் நிகழ்கிறது. ஒரு தூணை ஒட்டி விழும் பள்ளம் முதலாவது. ஜாக்கெட் எனப்படும், பல கால்கள் கொண்ட எஃகுச் சட்டம் போன்ற அமைப்பின் முழுப் பரப்பும் அகலமாகத் தாழ்வது இரண்டாவது. அமைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடற்படுகையே இடம்பெயர்வது மூன்றாவது. மலாக்கா நீரிணையின் அடியில் பல மீட்டர் உயரமுள்ள மணல் அலைகள் இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி; அப்படிப்பட்ட ஒரு மேட்டின்மீது நின்ற தூண், மேடு நகர்ந்துபோன பின் தாழ்வில் நிற்கும். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும் என்பதால், வடிவமைப்பவர் அவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டியாக வேண்டும்.

படுகை முழுவதும் அமைதியாக இருக்கும்போது தூணைச் சுற்றி மட்டும் ஏன் பள்ளம் விழுகிறது?

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கணுக்கால் அளவு நீரில் நின்றால், அலை திரும்பும்போது குதிகாலைச் சுற்றியுள்ள மணல் கரைந்து கால் புதைவதை உணரலாம். கடலில் நிற்கும் தூணுக்கும் நேர்வது அதுவே.

ஓட்டத்தின் குறுக்கே நிற்கும் தூணின் முகப்பில் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பிப் படுகையைக் குடைகிறது. அங்கே அது சுருண்டு, குதிரைலாட வடிவச் சுழலாகத் தூணின் அடியைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது. பக்கங்களில் நீர் நெருக்கப்படுவதால் வேகம் கூடுகிறது. ஓர் உருளையின் பக்கவாட்டில் அது கோட்பாட்டளவில் இருமடங்கு வரை செல்லும். பின்புறத்தில் மாறி மாறிப் பிரியும் சுழல்கள், கிளம்பிய மணலைத் தூக்கி அப்பால் கொண்டுபோகின்றன.

நீர் படுகையை உரசி இழுக்கும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே வேகம் இருமடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். குதிரைலாடச் சுழலின் அடியில் அதற்கும் மேலே போகும். 0.2 மில்லிமீட்டர் பருமனுள்ள நுண்மணல் திறந்த படுகையில் அசையத் தொடங்குவதற்கு விநாடிக்கு ஏறக்குறைய 0.4 மீட்டர் ஓட்டம் தேவை. அதில் பாதி வேகமே உள்ள ஓட்டம் திறந்த படுகையில் ஒரு மணலையும் அசைக்காது, ஆனால் தூணருகே அதே ஓட்டம் பள்ளம் பறிக்கும். மண்துகள் எந்த விசையில் நகரத் தொடங்கும் என்ற இந்த எல்லைக் கணக்குக்கு, ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் பெர்லினில் 1936-இல் வெளியிட்ட ஆய்வே இன்றும் அடிப்படையாக உள்ளது.

பள்ளம் எவ்வளவு ஆழத்துக்குப் போகும்? எவ்வளவு காலம் பிடிக்கும்?

மணற்படுகையில், நிலையான ஓட்டத்தில் நிற்கும் ஒற்றைத் தூணுக்கு, ஆய்வகச் சோதனைகள் தரும் சராசரி ஆழம் தூணின் விட்டத்தைப்போல் 1.3 மடங்கு. ஆனால் அந்தச் சோதனை முடிவுகளின் சிதறல் பெரிது: திட்ட விலக்கமே 0.7 மடங்கு. 1.3 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்து 0.7-ஐ மறந்துவிடுபவர்கள் அதிகம். என் கருத்தில், இத்துறையில் மிகுதியாகத் தவறாகப் பயன்படும் எண் அதுதான்.

6 மீட்டர் விட்டமுள்ள ஒற்றைத் தூணுக்கு, அதாவது மோனோபைலுக்கு, சராசரியாக ஏறக்குறைய 8 மீட்டர் ஆழம் வரும். பள்ளத்தின் சரிவு 30 பாகை என்று கொண்டால், தூணின் ஒவ்வொரு பக்கத்திலும் 13 மீட்டருக்கு மேல் அது விரியும். முழுப் பள்ளத்தின் குறுக்களவு 30 மீட்டரைத் தாண்டும். இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால், 4.2 மீட்டர் விட்டமுள்ள பைல்களின்மீது (மண்ணுக்குள் அடித்து இறக்கிய தூண்களின்மீது) 2004-இல் செயல்படத் தொடங்கிய ஸ்க்ரோபி சாண்ட்ஸ் காற்றாலைப் பண்ணையில், 5 மீட்டர் அளவுக்குப் பள்ளங்கள் விழுந்ததை அளந்திருக்கிறார்கள்.

மணலில், வலுவான ஓத ஓட்டத்தில், பள்ளத்தின் பெரும்பகுதி சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் உருவாகிவிடும். களிமண்ணில் மாதங்களும் ஆண்டுகளும் ஆகலாம்.

அலை மட்டுமே இருந்தால்?

நீரின் வேகத்தை அலைக்காலத்தால் பெருக்கித் தூணின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைக் கியூலகன்–கார்ப்பென்டர் எண் என்கிறோம். அது 6-ஐத் தாண்டினால்தான் குதிரைலாடச் சுழல் முறையாக உருவாகும். அடியில் விநாடிக்கு 1 மீட்டர் வேகமும் 10 விநாடிக் காலமும் உள்ள அலைக்கு, 6 மீட்டர் பைலில் இந்த எண் 1.7, 1 மீட்டர் பைலில் 10. எனவே பருத்த தூணை அலை மட்டும் அதிகம் குடைவதில்லை. ஓட்டமும் சேர்ந்தால் நிலைமை மாறிவிடும்: அலை மணலைக் கிளப்ப, ஓட்டம் கொண்டுபோகும். மேலும் 10 விநாடி அலையின் ஆழ்கடல் நீளம் ஏறக்குறைய 156 மீட்டர்; அதன் பாதி ஆழம் வரை, அதாவது 78 மீட்டர் வரை, அதன் அசைவு எட்டும். ஆழம் கூடிய இடம் என்பதாலேயே அரிப்பு இராது என்று கொள்ள முடியாது.

அரிப்பு அடித்தளத்தின் வலிமையை எந்த வழிகளில் குறைக்கிறது?

பள்ளம் விழுந்த அளவுக்குப் பைலின் புதைநீளம் குறைகிறது என்பது எல்லாருக்கும் தெரிகிறது. பெரும்பாலான விளக்கங்கள் அங்கேயே நின்றும்விடுகின்றன. உண்மையில் மூன்று இழப்புகள் ஒரே நேரத்தில் நேர்கின்றன.

முதலாவது, பைலைப் பக்கவாட்டில் பிடித்திருந்த மண் போகிறது. அலையும் காற்றும் தரும் கிடைவிசையைப் பைல் தனக்கு அருகேயுள்ள மேல்மட்ட மண்ணின்மீது சாய்ந்தே தாங்குகிறது. விட்டத்தைப்போல் சில மடங்கு ஆழம் வரையுள்ள மண்ணே இதில் பெரும்பங்கு வகிக்கிறது. அரிப்பு பறித்துக்கொள்வது சரியாக அந்த மண்ணைத்தான்.

இரண்டாவது, எஞ்சிய மண்ணும் வலுவிழக்கிறது. மணலின் வலிமை அதன்மேல் உள்ள மண் தரும் அழுத்தத்தைச் சார்ந்தது. மேல்மண் போனதும் கீழே இருக்கும் மணல் அதே மணலாக இருந்தாலும், அதை அழுத்திப் பிடிக்கும் சுமை குறைந்துவிடுகிறது. கடல்சார் அடித்தளங்களுக்கான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வழிகாட்டியும் அதற்கிணையான பன்னாட்டுத் தர நெறியும், தளத்துக்குரிய தரவு இல்லாதபோது தனிப் பைலுக்கு விட்டத்தின் 1.5 மடங்கு ஆழத்துக்குப் பள்ளமும், 6 மடங்கு ஆழம் வரை மேற்சுமை அழுத்தக் குறைவும் கொள்ளலாம் என்கின்றன. 2 மீட்டர் பைலில் பள்ளம் 3 மீட்டர். ஆனால் பாதிப்பு 12 மீட்டர் வரை. கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தைவிடத் தெரியாத இழப்பே ஆழமானது.

மூன்றாவது, விசை செயல்படும் இடத்துக்கும் மண் பிடிக்கும் இடத்துக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. அதனால் அதே அலை, பைலில் முன்பைவிடப் பெரிய வளைவுத் திருப்புமையை, அதாவது பைலை வளைக்கும் விளைவை, உண்டாக்குகிறது. தாங்கும் திறன் குறையும் அதே வேளையில் தாங்கவேண்டிய சுமை கூடுகிறது.

செங்குத்துச் சுமைக்கும் இழப்பு உண்டு. பைலின் பக்க உராய்வு புதைநீளத்தையும் மண்ணின் அழுத்தத்தையும் சார்ந்தது. இருப்பினும் நீண்ட பைல்களில் மேல்மண்ணின் பங்கு சிறியது என்பதால், கிடைவிசையில் வரும் இழப்பைவிட இது பொதுவாகக் குறைவே. கவிழ்த்த வாளிபோல் மண்ணுக்குள் உறிஞ்சி இறக்கப்படும் குட்டையான உறிஞ்சு கைசன்களுக்கு இந்த ஆறுதல் இல்லை. அவற்றின் சுவர் முழுவதுமே மேல்மண்ணில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குறுகிய 1 மீட்டர் பள்ளத்தைவிட அகலமான 1 மீட்டர் தாழ்வு கேடானது. குறுகிய பள்ளத்தைச் சுற்றியுள்ள மண் இன்னும் கீழ்மண்ணை அழுத்திக்கொண்டிருக்கும். படுகையே அகலமாகத் தாழ்ந்தால் அந்த அழுத்தம் எல்லா ஆழத்திலும் குறைந்துவிடும். அறிக்கையில் இரண்டுக்கும் "1 மீட்டர்" என்றே இருக்கும்.

ஜெட்டி பைல்களில் 3 மீட்டர் அரிப்பு என்பது அவ்வளவு பெரிய செய்தியா?

ஆம். பைலின் மேல்முனையிலிருந்து, மண்ணுக்குள் அது அசையாமல் பிடிபடும் புள்ளி வரை உள்ள நீளம் 12 மீட்டர் என்று கொள்வோம். 3 மீட்டர் அரிப்பால் அது 15 ஆகிறது. வளைவுத் திருப்புமை நீளத்தோடு நேர்விகிதத்தில் கூடும்: 25 விழுக்காடு. நெளிந்து மடிவதற்கு எதிரான தாங்குதிறன் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதமானது: பழைய அளவில் 64 விழுக்காடே மிஞ்சும். கிடைவிசைக்கு எதிரான விறைப்பு நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதமானது: ஏறக்குறைய பாதியாகிவிடும்.

நீளத்தில் கால் பங்கு கூடினால் விறைப்பில் பாதி போகிறது. ஒரு ஜெட்டியில் சில பைல்களைச் சுற்றி மட்டும் அரிப்பு இருந்தால், விறைப்புக் குறைந்த அவை தங்கள் பங்கு விசையை அரிப்பில்லாத அண்டைப் பைல்களிடம் தள்ளிவிடும். அதனால் முதலில் விரிசல் காண்பது பள்ளம் இல்லாத பைலின் தலையாக இருக்கக்கூடும். விரிசல் உள்ள இடத்தில் மட்டும் கடலடியைத் தேடினால் காரணம் அகப்படாது.

காற்றாலைக் கோபுரங்களில் வலிமையைவிட அதிர்வெண்ணைப் பற்றி ஏன் அதிகம் பேசுகிறார்கள்?

கோபுரம் சாய்ந்து விழுவதற்கு நெடுங்காலம் முன்பே அதிர்வில் மாற்றம் தெரியும் என்பதால். நிமிடத்துக்கு 6 முதல் 12 சுற்று சுழலும் காற்றாலை, சுழற்சியால் 0.1 முதல் 0.2 ஹெர்ட்ஸ் வரையிலும், மூன்று இறக்கைகள் கோபுரத்தைக் கடப்பதால் 0.3 முதல் 0.6 ஹெர்ட்ஸ் வரையிலும் கோபுரத்தை உலுக்குகிறது. கோபுரத்தின் இயல்பு அதிர்வெண் இந்த இரண்டுக்கும் நடுவே, 0.2-க்கும் 0.3-க்கும் இடையிலான ஒடுங்கிய வெளியில் இருக்கும்படி வடிவமைக்கிறார்கள். அரிப்பால் விறைப்புக் குறைந்து அதிர்வெண் சில விழுக்காடு இறங்கினாலே அது கீழ் எல்லையை நோக்கி நகர்கிறது. புயல் அலைகளின் அதிர்வெண்ணும் அந்தப் பக்கத்தில்தான் உள்ளது.

விளைவு உலோகச் சோர்வு, அதாவது ஓயாத அசைவால் உலோகத்தில் மெல்ல விரிசல் விழுவது. எஃகுப் பற்றவைப்புகளில் சோர்வுச் சேதம் தகைவின் (உலோகத்தின் ஓரலகுப் பரப்பில் வரும் விசையின்) மும்மடி முதல் ஐம்மடி வரையிலான விகிதத்தில் கூடுவதால், தகைவு 10 விழுக்காடு கூடினாலே சேதம் 33 முதல் 61 விழுக்காடு வரை விரைவுபடும். 25 ஆண்டுகளுக்கு என்று வடிவமைக்கப்பட்ட பற்றவைப்பின் ஆயுள் அதற்கேற்பச் சுருங்கும்.

சிங்கப்பூர்க் கடலில் காற்றாலைகள் இல்லை. ஆனால் இங்குள்ள பட்டறைகளுக்கு அந்தத் தொழிலோடு உறவு உண்டு. பிரிட்டனின் ஹார்ன்சீ 2 பண்ணைக்கான துணைமின்நிலைய மேற்கட்டுமானத்தைச் செம்ப்கார்ப் மரின் கட்டிக்கொடுத்தது. பட்டறையில் பற்றவைப்பை ஆய்வு செய்பவரின் உழைப்பு, அந்தக் கடலின் அடியில் மண் நிலைத்திருப்பதையும் சார்ந்தே நிற்கிறது.

ஜாக்-அப் ரிக்குகளுக்கு அரிப்பு ஏன் தனிக் கவலை?

கால்களைக் கடலடியில் ஊன்றித் தன்னை நீருக்கு மேல் உயர்த்திக்கொள்ளும் ஜாக்-அப் துளையிடு மேடைகளைக் (ரிக்குகளைக்) கட்டுவதில் சிங்கப்பூர் உலகின் முன்னணி நகரங்களில் ஒன்றாக இருந்தது. கெப்பலும் செம்ப்கார்ப் மரினும் தனித்தனியே அவற்றைக் கட்டிவந்தன. கெப்பலின் கடல்துறைப் பிரிவும் செம்ப்கார்ப் மரினும் 2023-இல் இணைந்து சீட்ரியம் என்ற பெயரைப் பெற்றன. எனவே இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி எழுவதில் வியப்பில்லை.

ஜாக்-அப் ரிக்கின் ஒவ்வொரு காலின் அடியிலும் ஸ்பட்கேன் என்ற அகன்ற எஃகுப் பாதம் இருக்கும். மென்களிமண்ணில் அது பல மீட்டர் இறங்கிவிடும். அடர்ந்த மணலில் ஓரிரு மீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் இறங்கும். வலுவான தரை என்று நாம் மகிழும் அந்த மணல்தான் அரிப்புக்கு எளிதில் இடம் கொடுக்கும் தரை.

ஒரு காலின் சுமை 50 மெகாநியூட்டன், அதாவது ஏறக்குறைய 5,000 டன், ஸ்பட்கேனின் விட்டம் 14 மீட்டர் என்றால், மண்ணின்மீது வரும் அழுத்தம் சுமார் 325 கிலோபாஸ்கல். தாங்குதிறன் வாய்பாட்டில், பாதத்தைச் சுற்றியுள்ள மேல்மண்ணின் பங்கு தனியாக வருகிறது. உராய்வுக் கோணம் 30 பாகை உள்ள மணலுக்கு அந்தப் பங்கின் பெருக்குக் காரணி 18.4. நீரில் மூழ்கிய மணலின் எடை கனமீட்டருக்கு 10 கிலோநியூட்டன் என்றால், சுற்றிலும் 1 மீட்டர் மண் அரிக்கப்படும்போது தாங்குதிறனில் 184 கிலோபாஸ்கல் குறையும். மேலே கண்ட அழுத்தத்தோடு ஒப்பிட்டால் அது பாதிக்கும் மேல். தாங்குதிறனில் பாதத்தின் அகலத்தால் வரும் பங்கு மணலில் பெரிதாக இருப்பதால் ரிக் உடனே வீழ்ந்துவிடாது; கையிருப்பாக இருந்த பாதுகாப்பு கரைந்துபோகும்.

இதைவிட நுட்பமான ஆபத்து முன்சுமையில் உள்ளது. ரிக்கை நிறுத்தும்போது கடல்நீரைத் தொட்டிகளில் ஏற்றி, புயலின்போது வரக்கூடிய சுமையை முன்கூட்டியே கால்களில் ஏற்றிப் பார்க்கிறார்கள். மண் அதைத் தாங்கினால் புயலையும் தாங்கும் என்பது கருத்து. ஆனால் அந்தச் சோதனை அன்றைக்கு அங்கிருந்த மண்ணின்மீது செய்யப்பட்டது. பிறகு ஸ்பட்கேனின் ஓரம் அரிக்கப்பட்டுவிட்டால், சோதிக்கப்பட்ட மண்ணில் ஒரு பகுதி இப்போது அங்கே இல்லை; சான்றிதழ் மட்டும் கோப்பில் இருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் அரிப்பு ஏற்பட்டால் பாதம் மையம் விலகித் தாங்கப்படும். கால் சாயப் பார்க்கும், பின்னல் சட்டத்தின் உறுப்புகளில் எதிர்பாராத விசை சேரும், ஒரே காலை ஏற்றி இறக்க உதவும் பற்சட்டங்களுக்கு இடையே உயர வேறுபாடு தோன்றும். பணியாளர்கள் கவனிக்க வேண்டிய முதல் அறிகுறி அந்த வேறுபாடு. நாள்தோறும் அதை அளந்து குறித்துவைப்பது சலிப்பான வேலையாகத் தோன்றலாம். கடலடியைப் பார்க்க முடியாத நாள்களில் அதைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பழைய ரிக் விட்டுப்போன குழியும் அரிப்பா?

இல்லை. ஸ்பட்கேனைப் பிடுங்கும்போது உண்டாகும் குழி, மண் நசுங்கி இடம்பெயர்ந்ததால் வந்தது. அதன் ஓரத்தில் இன்னொரு ரிக் கால் வைத்தால் குழியை நோக்கி வழுக்கும். எண்ணெய் எடுப்பதால் கடலடி முழுவதும் அமிழ்வதும், புயலில் சேற்றுச் சரிவு ஏற்படுவதும்கூட வேறு நிகழ்வுகள். மெக்சிகோ வளைகுடாவில் 2004-இல் ஐவன் சூறாவளியின்போது டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் மேடை கவிழ்ந்ததற்குக் காரணம் அப்படிப்பட்ட சேற்றுச் சரிவு. அதற்குக் கல் கொட்டித் தீர்வு காண முடியாது.

சிங்கப்பூரின் கடற்களிமண்ணில் அரிப்புக் கவலை குறைவுதானே?

வேகம் குறைவு, கவலை குறைவு என்று சொல்ல மாட்டேன். காலாங் படிவத்தைச் சேர்ந்த மென்கடற்களிமண் இங்கே பல இடங்களில் தடித்த அடுக்குகளாக உள்ளது. களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் மணலைப்போல் ஒவ்வொன்றாகப் பறப்பதில்லை. ஆனால் வலுவான ஓட்டத்தில் கட்டிகளாகப் பெயரும். கிளம்பிய நுண்துகள் நெடுந்தூரம் மிதந்து போய்விடுவதால், அதே இடத்தில் திரும்பப் படியும் வாய்ப்பும் மணலைவிடக் குறைவு.

களிமண்ணுக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. அலையால் பைல் முன்னும் பின்னும் அசையும்போது அதற்கும் களிமண்ணுக்கும் இடையே இடைவெளி விழுகிறது. ஒவ்வோர் அசைவிலும் அந்த இடைவெளியில் நீர் உறிஞ்சப்பட்டு வெளியே பீச்சப்படுகிறது. வெளியேறும் நீர் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போகிறது. இது எதிரொலிப் படத்தில் பெரிய பள்ளமாகத் தோன்றாது. மேலும், மேல்மண் நீங்கிய களிமண் உடனே வலுவிழப்பதில்லை: காலம் செல்லச் செல்ல நீரை உறிஞ்சி உப்பி, மெதுவாக மென்மையாகிறது. அரிப்பு நேர்ந்த அடுத்த வாரம் எடுத்த கூம்பு ஊடுருவல் சோதனை (கூம்பு முனையை மண்ணுக்குள் அழுத்தி எதிர்ப்பை அளப்பது) நல்ல எண்ணைக் காட்டிவிட்டது என்று நிம்மதி அடைவது சரியல்ல.

பள்ளம் தானாக நிரம்பிவிட்டது என்று அறிக்கை சொல்கிறது. பிரச்சினை தீர்ந்ததா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளம் ஆழமாவது ஓட்டம் உச்சத்தில் இருக்கும்போது: பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெரிய ஓதமான உவா ஓதத்தில், அல்லது புயலின் நடுவில். ஆய்வுப் படகு வேலை செய்வது கடல் அமைதியாக இருக்கும்போது. இடைப்பட்ட நாள்களில், சுற்றிலுமிருந்து வரும் மணல் பள்ளத்தைப் பகுதியாகவோ முழுவதுமாகவோ நிரப்பிவிடுகிறது. எனவே படகு அளந்து தரும் ஆழம், அமைப்பு உண்மையில் எதிர்கொண்ட ஆழமாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

நிரம்பிய மண்ணின் தரமும் வேறு. இயற்கைப் படுகை நூற்றாண்டுகளாக அலைகளால் தட்டப்பட்டு, சுமையால் இறுகி அடர்ந்த ஒன்று. புதிதாக வந்து விழுந்த மணல் தளர்ந்தது, சிலவேளை சேறு கலந்தது. அடுத்த புயல் அதை எளிதாக அள்ளிச் செல்லும். அலையின் அடுக்கடுக்கான அசைவில் நீரழுத்தம் ஏறி அது குழம்பாகவும் கூடும். மட்டம் பழைய மட்டமே. வலிமையோ பழைய வலிமையல்ல. வரைபடத்தில் படுகை சமமாகத் தெரிவதை வைத்துப் பழைய மண் எண்களையே கணக்கில் போடுவது, இல்லாத மண்ணின்மீது அமைப்பை நிறுத்துவதாகும்.

நிரம்பல் பயனே அற்றது என்றும் சொல்லவில்லை. அது ஓரளவு அழுத்தத்தையும் விறைப்பையும் மீட்டுத் தருகிறது. காற்றாலைகளில் அதிர்வெண் மீண்டும் ஏறுவதை அளக்கலாம். அந்த அளவை மீறி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து. எவ்வளவு ஆழம் வரை மண் புதியது என்பதை, படுகைக்குக் கீழுள்ள அடுக்குகளை ஒலியால் காட்டும் அடிப்படுகை ஒலிப்பதிவும் கூம்பு ஊடுருவல் சோதனையும் காட்டும். மட்டத்தை மட்டும் அளக்கும் கருவி காட்டாது.

கல் கொட்டிவிட்டால் போதாதா?

சரியான அளவுக் கல், அதன் அடியில் மணலை வெளியேறவிடாத வடிகட்டி அடுக்கு, போதிய அகலம் ஆகிய மூன்றும் இருந்தால் அது நல்ல பாதுகாப்பு. வடிகட்டி அடுக்கு இல்லாமலோ போதாமலோ போனால், கற்களின் இடுக்குகள் வழியே மணல் உறிஞ்சப்பட்டு வெளியேறி, கற்கள் இறங்கும். டென்மார்க்கில் 2002-இல் 80 காற்றாலைகளோடு கட்டப்பட்ட ஹார்ன்ஸ் ரெவ் 1 பண்ணையில், பைலை ஒட்டிய கற்கள் 1.5 மீட்டர் வரை இறங்கியிருந்ததை 2005-இல் கண்டறிந்து, மேலும் கல் இட்டார்கள்.

கற்பரப்பின் விளிம்பிலும் அரிப்பு உண்டாகும். கல்லே ஓட்டத்துக்கு ஒரு தடை. மின்கம்பிவடங்களுக்கும் அதனால் தொல்லை வரலாம். கற்களின்மேல் அசைந்த பாதுகாப்புறைகள் தேய்ந்து கம்பிவடங்கள் பழுதடைந்ததாகக் காற்றாலைப் பண்ணைகளை நடத்தும் ஓர்ஸ்டெட் நிறுவனம் 2021-இல் அறிவித்தது. பத்துப் பண்ணைகள் வரை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் அது கூறியது. ஒரு தீங்கைத் தடுக்க வைத்த பொருள் இன்னொன்றைத் தொடங்கிவைத்தது.

கல்லிட்ட பிறகு பராமரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடலில் அல்லாமல் ஆற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹாரி க்ரீக் பாலம் 1987 ஏப்ரல் 5 அன்று வெள்ளத்தில் இடிந்து 10 பேர் இறந்தனர். ஆழமற்ற அடித்தளத்தைக் காக்க இடப்பட்ட கற்கள் முந்தைய வெள்ளங்களில் போயிருந்தன. அவற்றை முறையாக மீண்டும் இடாதது முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

மணல் நிரப்பிய ஜியோடெக்ஸ்டைல் பைகள், இணைத்த கான்கிரீட் பாய்கள், ஓட்டத்தைத் தணித்து மணலைப் படியவைக்கும் செயற்கைக் கடற்புல் விரிப்புகள் ஆகியவையும் பயன்பாட்டில் உள்ளன. அரிப்பை ஏற்றுக்கொண்டு பைலை நீளமாக அடிப்பதும் ஒரு வழிதான். பராமரிப்புக்கு எளிதில் போக முடியாத இடங்களில் நான் அதையே விரும்புவேன்.

துவாஸ் துறைமுகம் போன்ற கைசன் சுவர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், ஆனால் அங்கே அரிக்கும் நீர் பெரும்பாலும் கப்பலிலிருந்து வருகிறது. துவாஸ் முதற்கட்டத்தில் 221 கைசன்கள், அதாவது சுவராக வரிசையில் அமர்த்தப்படும் பெரும் கான்கிரீட் பெட்டிகள், நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் 28 மீட்டர் உயரம், ஏறக்குறைய 15,000 டன் எடை. அவற்றின் பின்னாலுள்ள நிரப்புமண் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதால், எந்தக் கைசன் சுவரிலும் அடியின் கடல்பக்க விளிம்பில்தான் மண்மீது அழுத்தம் மிகுதி. கப்பலின் பக்க உந்தி பீச்சும் நீர்த்தாரை சுவரில் மோதிக் கீழே திரும்புவதும் அதே விளிம்பில்தான். அங்கே மண் குறைந்தால் வழுக்கலுக்கும் சாய்வுக்கும் எதிரான இரு காப்புகளும் ஒருசேரக் குறையும். ஆகவேதான் இத்தகைய சுவர்களின் முன் கடலடிக்குக் கவசம் இடுவதும், கப்பல்கள் பெரிதாகும்போது அந்தக் கணக்கை மறுபடி பார்ப்பதும் தேவைப்படுகின்றன.

கடலடிக் குழாய்களுக்கு?

குழாயின் இரு பக்கங்களிலும் உள்ள அழுத்த வேறுபாட்டால் நீர் அடியில் ஊறி, மணலைத் தள்ளி, சிறு சுரங்கம் போட்டுவிடும். சுரங்கம் நீண்டால் குழாய் அந்தரத்தில் தொங்கி, ஓட்டத்தின் சுழல்களால் அதிரும். சில இடங்களில் குழாய் தானே இறங்கிப் புதைந்துகொள்வதும் உண்டு, அது நன்மைதான். மேற்கு நத்துனாவிலிருந்து 2001 முதலும், தென் சுமத்ராவிலிருந்து 2003 முதலும் கடலடிக் குழாய்களில் இயற்கை எரிவாயு சிங்கப்பூருக்கு வருகிறது. நம் மின்சாரத்தின் மிகப் பெரும்பகுதி எரிவாயுவால் உற்பத்தியாவதால், தொங்கு நீளங்களைத் தவறாமல் ஆய்வு செய்வது நாட்டின் மின்விளக்குகளோடு தொடர்புடைய வேலை.

கலங்கல் நீரில் பள்ளத்தை எப்படி அளப்பது?

நம் நீரில் முக்குளிப்பாளரின் கண் அதிக தூரம் எட்டாது. பல வேளைகளில் அவர் கையால் தடவித்தான் சொல்கிறார். அவருடைய சொல் மதிப்புள்ளது, ஆயினும் ஆழத்தை எண்ணாகத் தர அது போதாது. பல ஒலிக்கற்றைகளை ஒரே நேரத்தில் அனுப்பி ஆழம் அளக்கும் பல்கற்றை எதிரொலிமானி படுகையின் முழு வடிவத்தைத் தரும். தூணுக்கு மிக அருகே ஒலிநிழல் விழும் என்பதால், பல திசைகளிலிருந்து ஓட்ட வேண்டும். தூணிலேயே பொருத்திய ஒலியளவி, அமைதியான நாளில் மட்டுமன்றிப் புயலின் நடுவிலும் அளக்கும். நிரம்புவதற்கு முன் இருந்த உண்மை ஆழத்தைத் தரக்கூடியது அதுவே. மேற்பரப்பில் வைத்த முடுக்கமானி அதிர்வெண்ணைத் தொடர்ந்து பதிந்துவந்தால், கடலடியைப் பார்க்காமலே விறைப்பு குறைவதை அறியலாம்.

ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அடிமட்டக் குறியை, அதாவது ஆழங்களை எந்த மட்டத்திலிருந்து அளந்தார்கள் என்பதை. ஒரு வரைபடம் கடல்வரைபட மட்டத்தையும் இன்னொன்று சராசரிக் கடல்மட்டத்தையும் அடிப்படையாகக் கொண்டிருந்தால், சிங்கப்பூரில் அந்த வேறுபாடு மட்டுமே ஒன்றரை மீட்டருக்கு மேல் வரும். இல்லாத அரிப்பைக் காணவும், இருக்கும் அரிப்பைத் தவறவிடவும் அது போதும்.

அடுத்து, அளந்த நாள் உவா ஓதத்திலிருந்தோ கடைசிப் புயலிலிருந்தோ எத்தனை நாள் தள்ளியது என்று பாருங்கள். பிறகு, தூணின் முகத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் எடுத்த ஆழம் அது என்று பாருங்கள். 5 மீட்டர் தள்ளி எடுத்த ஆழம் பள்ளத்தின் சரிவைத்தான் காட்டும், அடியை அல்ல. அதற்குப் பின்னரே அந்த எண்ணை வடிவமைப்பில் அனுமதித்த அரிப்போடு ஒப்பிட வேண்டும். அனுமதித்த அளவை அது நெருங்கியிருந்தால், கல் வாங்குவதற்கான ஆணைக்கு முன்பாக அடித்தளக் கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள்: மேற்சுமை அழுத்தக் குறைவையும், தளர்ந்த நிரப்புமண்ணையும், கூடிய நீளத்தையும் சேர்த்து.